நல்லாத்தானே சாப்பிடுகிறாள், அப்புறம் ஏன் ரத்தம் இல்லை?

கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தால் பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். தருமபுரியில் கல்லூரிப் பெண்களுக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறவள் என்பதால் அந்த இடம் எனக்கு வந்து சேர்ந்தது. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். 12.5 இருந்தால்தான் ரத்தம் கொடுக்க முடியும். எடையும் 45 கிலோவுக்குக் குறையக் கூடாது.

ஒருமுறை இரண்டு தோழிகள் சேர்ந்து வந்தார்கள். ஒருத்தி பாலக்கோடு பக்கம், நல்ல பூசின உடம்பு. இன்னொருத்தி பென்னாகரம் பக்கத்துக் கிராமம், ஒல்லி. எடை 46 கிலோதான். "இவளை எடுக்க மாட்டாங்க பாருங்க மிஸ்" என்று பாலக்கோட்டுப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒல்லிப் பெண்ணுக்கு 12.8 வந்தது. சிரித்த பெண்ணுக்கு 10.2. அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. போனில் அவள் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "நல்லாத்தானே சாப்பிடறா, அப்புறம் எப்படி?"

அந்த அம்மாவுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் இல்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அத்தனை வீடுகளிலும் சோறு பொங்காமலா இருக்கிறார்கள்?

முதலில் இரண்டு சொற்கள்

ஒருவர் எதை, எப்போது, எதோடு சேர்த்து, எவ்வளவு, என்ன மனநிலையில் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் சேர்ந்தது உணவு நடத்தை. காலையில் சாப்பிடாமல் ஓடுவது, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது, கோபம் வந்தால் தட்டை நகர்த்திவிட்டுப் போவது எல்லாமே இதில் அடங்கும்.

அந்தச் சாப்பாட்டிலிருந்து உடம்புக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்து, எவ்வளவு இருப்பில் நிற்கிறது என்பது ஊட்டச்சத்து நிலை. இதை எடை, உயரம், ரத்தப் பரிசோதனை மூலம் அளக்கிறார்கள்.

பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருவர் ஆளுக்கு ஒரு மூட்டை உரம் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஈரம் பார்த்துப் போடுகிறார். இன்னொருவர் வெடித்துக் கிடக்கிற நிலத்தில் தூவிவிட்டுப் போகிறார். மூட்டைக் கணக்கில் இருவரும் சமம், விளைச்சலில் சமமாக இருக்க மாட்டார்கள். "நல்லாத்தானே சாப்பிடறா" என்று சொல்லும்போது நாம் மூட்டையைத்தான் எண்ணுகிறோம்.

எடை எதைச் சொல்லும்

எடையும் ஒரு அளவுகோல்தான், அதைத் தள்ளிவிட முடியாது. கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. இது 18.5க்குக் கீழே போனால் எடை குறைவு. நம் நாட்டவர்களுக்கு 23க்கு மேல் போனாலே எடை கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 42 முதல் 51 கிலோவரை சரியான எடை என்று தோராயமாகச் சொல்லலாம். பள்ளியில் படிக்கும் வயதில் இந்தக் கணக்கை அப்படியே போடாமல், வயதுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

ஆனால் எடை மாவுச்சத்தாலும் எண்ணெயாலும் கூட ஏறும். நாலு தட்டு வெள்ளைச் சோறும், சாயந்திரம் இரண்டு போண்டாவும், ஒரு பாக்கெட் சிப்ஸும் எடையை ஏற்றிவிடும். அவற்றில் இரும்புச்சத்து என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வயிறு நிறைந்தும் உடம்பு உள்ளுக்குள் ஏங்கிக் கிடக்கும் இந்த நிலைக்கு மறைபசி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இது வருஷக்கணக்கில் நீடிக்கிறது.

பாலக்கோட்டுப் பெண்ணுக்கு இருந்தது இதுதான். அவளுடைய எடை சரியான வரம்புக்குள்தான் இருந்தது, ரத்தம்தான் தேறவில்லை.

ரத்தத்துக்குள் ஓடும் பால் வண்டி

நம் ஊர்ப்பக்கம் விடியற்காலையில் பால் வண்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கேன்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். ரத்தத்தில் உள்ள சிவப்பணுதான் அந்த வண்டி. அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம்தான் கேன். நுரையீரலில் கேன் நிறையப் பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு போய், மூளைக்கும் தசைக்கும் ஊற்றிவிட்டுத் திரும்புகிறது. அந்தக் கேனைச் செய்யும் உலோகம்தான் இரும்புச்சத்து.

உலோகம் பற்றாமல் போனால் கேன்கள் குறையும். ஊர்களுக்கு வேண்டிய பாலின் அளவோ குறையாது. அப்போது வண்டி என்ன செய்யும்? அதே கேன்களை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நடை வேகமாக ஓடும். இரண்டாவது மாடிக்கு ஏறினாலே சில பெண்களுக்கு நெஞ்சு படபடப்பது இதனால்தான். மதியம் இரண்டு மணி வகுப்பில் கண் சொருகுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, முடி கொட்டுவது, படித்தது மனதில் நிற்காமல் போவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். "சோம்பேறி", "படிக்க இஷ்டமில்லை" என்று இந்தப் பெண்களைச் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது.

மாதவிடாய் தொடங்கிவிட்ட, கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு, 15 வயதுக்கு மேல், ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. 8க்குக் கீழே போனால் கடுமையானது. முகாமில் கேட்ட 12.5 என்பது ரத்தம் கொடுப்பதற்கான எல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உழைக்கும். பிறகு உடம்பு அதை உடைத்து, இரும்பை உருக்கிப் புதுக் கேன் செய்துகொள்ளும். அதனால் ஓர் ஆண் பிள்ளைக்குச் சாப்பாட்டிலிருந்து தினமும் புதிதாக உள்ளே போக வேண்டிய இரும்பு மிகக் கொஞ்சம். பெண்ணுக்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு மாதமும் சராசரியாக 35 மில்லிலிட்டர் அளவு ரத்தம் வெளியே போகிறது. அதோடு சுமார் 15 மில்லிகிராம் இரும்பும் போய்விடுகிறது. கேன்களே ஊரைவிட்டுப் போய்விட்ட மாதிரி; அவற்றை உருக்கித் திரும்ப எடுக்க முடியாது.

நாம் சாப்பிடும் தானியம், பருப்பு, கீரையில் உள்ள இரும்பில் 100க்கு 5 முதல் 10 பங்குதான் உடம்பில் சேரும். ஆகவே போன 15 மில்லிகிராமை மீட்க, மாதம் முழுவதும் தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் கூடுதலாகச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரையில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29, வளர்ந்துகொண்டிருக்கும் 16–18 வயதுப் பெண்ணுக்கு 32 என்று இருக்கிறது. நம் வீடுகளில் கறித்துண்டு யார் தட்டில் முதலில் விழுகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். எடையும் ரத்தமும் தனித்தனிக் கணக்கு. இரும்பு என்பது கேன் செய்யும் உலோகம். பெண்ணுக்கு மாதா மாதம் அது வெளியேறுகிறது, அதனால் அவளுக்குத்தான் அதிகம் வேண்டும்.

கிடங்கு முதலில் காலியாகும்

உடம்பு கெட்டிக்காரத்தனமாக இரும்பைக் கொஞ்சம் சேமித்தும் வைக்கிறது. கல்லீரல் முதலான இடங்களில் இருக்கும் அந்தச் சேமிப்புக்கு ஃபெரிட்டின் என்று பெயர். வரவு குறைந்தால் முதலில் காலியாவது இந்தக் கிடங்கு. அப்போது ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும், ஆனால் அசதி தொடங்கியிருக்கலாம். கிடங்கு துடைத்தெடுத்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஆகவே 10 என்று காட்டினால், குறைபாடு பல மாதங்களாகவே உள்ளே நடந்துகொண்டிருந்தது என்று பொருள்.

காலை ஏழு மணி பஸ்

இனி நடத்தைக்கு வருவோம். ஊத்தங்கரையானாலும் அரூரானாலும் காரிமங்கலமானாலும், உள்ளூரிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண்ணின் காலைப் பொழுது ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு, ஏழரைக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அதற்குள் வாசல் பெருக்கி, தண்ணீர் பிடித்து, தலை பின்னி முடிக்க வேண்டும். "ரெண்டு வாய் சாப்பிட்டுப் போடி", "வேணாம்மா, நேரமாச்சு." கையில் ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். அவ்வளவுதான்.

நேரம் மட்டும் காரணம் இல்லை. கேட்டுப் பார்த்தபோது பல பெண்கள் தயங்கித் தயங்கிச் சொன்னது கழிப்பறைப் பிரச்சினை. பஸ்ஸில் வயிறு கலக்கினால் எங்கே போவது என்று பயந்தே சாப்பிடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. இதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு. மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்புவரை. பதினொன்றாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் அது நின்றுபோகிறது. உடம்புக்கு அதிகம் தேவைப்படும் வயதில் தட்டு திடீரென்று சுருங்குகிறது.

காலைச் சாப்பாடு போனால் மூன்று வேளையில் ஒரு வேளை போகிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம். தாவர உணவில் உள்ள இரும்பில் ஒரு வேளைக்குக் கொஞ்சம்தான் குடல் எடுத்துக்கொள்ளும். காலையில் விட்டதை ராத்திரி இரண்டு மடங்காகச் சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது. அதோடு, பட்டினி கிடந்த வயிறு சாயந்திரம் பஸ் நிலையத்தில் பஜ்ஜி வாசனைக்கு மடங்கிவிடும். பஜ்ஜி தின்றால் இரவில் பசிக்காது. இரவுதான் வீட்டில் கீரையோ பருப்போ இருக்கும் வேளை. ஒரு பழக்கம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது இப்படித்தான்.

இளைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே இரவுச் சாப்பாட்டை விடுகிற பெண்களும் இப்போது கூடிவிட்டார்கள். போனில் பார்க்கும் படங்களின் விளைவு. இரண்டு நாள் பட்டினி, மூன்றாம் நாள் அடங்காத பசியில் கிடைத்ததையெல்லாம் தின்பது, பிறகு குற்றவுணர்வு என்று இது சுழலும். இதில் எடை பெரிதாக இறங்குவதில்லை, சத்துதான் இறங்குகிறது.

டீயும் எலுமிச்சையும்

சாப்பாட்டில் இருக்கும் இரும்பு குடல் சுவர் வழியாக ரத்தத்துக்குள் ஏற வேண்டும். இது கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. டீயிலும் காபியிலும் டானின் போன்ற துவர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. அவை இரும்பைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, அந்த வேளையின் இரும்பில் உடம்பில் சேர வேண்டியதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளியில் உள்ள வைட்டமின் சி அதற்கு நேர்மாறு. கைகொடுத்து மேலே ஏற்றிவிடும்.

டீயை நிறுத்து என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் நடக்காது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடச் சொல்கிறேன். கீரை கடைந்ததிலோ சுண்டலிலோ அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியச் சொல்கிறேன். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி கெட்டுப்போகும். கொய்யா விற்காத பஸ் நிலையம் உண்டா? டப்பா சாதம் தின்றதும் ஒரு கொய்யா கடித்தால் போதும்.

அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் வழி இன்னும் சுலபம். ஈரல், கறி, மீனில் உள்ள இரும்பு டீக்கு அவ்வளவாகப் பயப்படாது, நேராக உள்ளே ஏறிவிடும். ரத்தம் ஊறும் என்று பாட்டிகள் வாங்கிவரச் சொல்லும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், உண்மையிலேயே இரும்பு நிறைந்தது. பீட்ரூட் விஷயத்தில்தான் நிறம் நம்மை ஏமாற்றுகிறது. 100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது ஒரு மில்லிகிராமை ஒட்டிய இரும்புதான். அதே எடை கொள்ளில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கொள்ளை நாம் மாட்டுக்கு வைத்துவிட்டுப் பீட்ரூட் ஜூஸைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ராகி பற்றி நாம் சரியாகச் சொல்வதும் தவறாகச் சொல்வதும்

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ராகி என்றால் ஒரு பெருமை. எனக்கும் உண்டு. களியும் கீரைக் கடைசலும், களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தின்று வளர்ந்தவள் நான். ஆனால் "ராகி சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்பது பாதி உண்மை. ராகியின் பெரிய பலம் சுண்ணாம்புச் சத்து. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, வேறு எந்தத் தானியமும் பக்கத்தில் வராது. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் அதிகமுள்ள நம் மாவட்டங்களில் இது சாதாரண விஷயம் இல்லை. சுண்ணாம்புச் சத்து குறைந்த உடம்பைத்தான் ஃபுளோரைடு அதிகம் தாக்கும். இரும்பும் ராகியில் வெள்ளை அரிசியைவிடப் பல மடங்கு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது.

அந்தக் கட்டை அவிழ்க்கும் வழி நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ராகியை முளைகட்டினாலும், கூழை ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்தாலும் ஃபைட்டேட் குறைகிறது. காலையில் அந்தக் கூழைக் கரைத்து ஒரு சொம்பு குடிப்பதற்கு மூன்று நிமிஷம் போதும். ஏழு மணி பஸ்ஸுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். ராகி வீட்டுக்கு வந்துவிடுகிறது. டப்பாவில் களி கொண்டுபோனால் பக்கத்தில் இருப்பவள் என்ன நினைப்பாளோ என்ற கூச்சம்தான் இன்னும் போகவில்லை. அதுவும் உணவு நடத்தைதான்.

பச்சரிசி மெல்லுகிற பெண்

இதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெண்ணாவது இருப்பாள். பச்சரிசியை மடியில் கட்டிக்கொண்டு மெல்லுவாள், பல்பம் தின்பாள், விபூதியை விரல்விரலாக நக்குவாள். "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்" என்று சொல்லி வீட்டில் அதட்டுவார்கள். அவளுக்கோ அடக்க முடியாது.

உணவல்லாததையோ சமைக்காததையோ தின்னத் துடிக்கும் இந்த ஆசைக்குப் பிகா என்று பெயர். இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. குறைபாடு சரியானால் பெரும்பாலும் ஆசை தானே அடங்கிவிடும். நடத்தை சத்து நிலையைக் கெடுப்பது ஒரு பக்கம். சத்து நிலை கெட்டதால் நடத்தை மாறுவது இன்னொரு பக்கம். ரத்தசோகையில் பசியே குறைந்துபோவதும் இப்படித்தான். "சாப்பிடாததால ரத்தம் இல்லையா, ரத்தம் இல்லாததால சாப்பிடலையா?" என்று ஓர் அம்மா கேட்டார். இரண்டும்தான் அம்மா. அதனால்தான் அதட்டலை விட்டுவிட்டு, பச்சரிசி தின்னும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள்.

சுருக்கமாக: வேளை தவறுவது, சாப்பாட்டை ஒட்டி டீ குடிப்பது, கூச்சத்தால் நல்ல சாப்பாட்டை ஒதுக்குவது எல்லாம் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கின்றன. இரும்பு குறைந்ததும் பசியும் ஆசையும் தடம் மாறி, பழக்கத்தை இன்னும் கெடுக்கின்றன.

நீல மாத்திரையும் பொறுமையும்

10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அது எத்தனை ஜன்னலுக்கு வெளியே விழுகிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். மலம் கறுப்பது சேராத இரும்பு வெளியேறும் நிறம், கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். பாலோடும் டீயோடும் மட்டும் வேண்டாம். வருஷம் இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு மாத்திரையும் தருகிறார்கள். கொக்கிப் புழு குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும் என்பதால் அதையும் தவிர்க்கக் கூடாது.

ஏற்கெனவே ரத்தசோகை வந்துவிட்டால் வார மாத்திரை போதாது. எவ்வளவு, எத்தனை நாள் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த அளவு போக்கைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது. வைட்டமின் பி12 குறைவு, பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. இரும்பு கொடுத்தும் ஏறவில்லை என்றால் அவற்றைத் தேடுவார்கள்.

"எத்தனை நாள்ல ஏறும் மிஸ்?" என்று பாலக்கோட்டுப் பெண் கேட்டாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்திலேயே மாற்றம் தெரியும், 12ஐத் தொட இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்றேன். 12 வந்ததும் நிறுத்திவிடாதே என்றும் சொன்னேன். அப்போதுதான் கேன்கள் தயாராகியிருக்கும், கிடங்கு இன்னும் காலியாகவே இருக்கும். அது நிறைய மேலும் மூன்று மாதம் வேண்டும். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஒல்லித் தோழி, "காலையில எனக்கும் சேர்த்துக் கூழ் கொண்டுவா, பஸ்லயே குடிக்கலாம்" என்றாள்.